அசையாத பிள்ளை

ஆனி பிறந்தால் போதும், நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் அருவி கொட்ட ஆரம்பித்துவிடும். ஐந்தருவியில் தண்ணீர், பழைய அருவியில் தண்ணீர், மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டி விழும் தண்ணீர். யாரோ எடுத்து, யாரோ அனுப்பி, அதை நீங்கள் அனுப்பி, நான் ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். உங்களில் பாதிப் பேருக்கு முட்டுவலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. அருவிக்கரையை மிதித்து ஐந்து வருடமானவர்கள்கூட ‘சீசன் களைகட்டுது’ என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது?

போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள், “நீ போட்டோக்கார அண்ணாச்சி மகதானே, நீ மட்டும் ஏன் ஒரு படம்கூட அனுப்ப மாட்டேங்க?” என்று. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீண்டுவிட்டது. பாதியில் விட்டுவிட்டுப் பூப்படத்தை அனுப்பாதீர்கள். இதை நான் இதுவரை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் நான் வரவில்லை. நினைவிருக்கிறதா? எனக்கு மஞ்சள் காமாலை என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். காமாலையும் இல்லை, ஒன்றும் இல்லை. மே மாதக் கடைசியில் நான் பெரியவள் ஆகிவிட்டேன். அந்தக் காலத்தில் அதற்கு ஆளுக்கொரு நோயைச் சொல்லி வைப்பார்கள். உங்களில் இரண்டு பேருக்கு டைபாய்டு வந்ததும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு மேலகரத்தில், குற்றாலம் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. முன்பக்கம் அப்பாவின் ஸ்டுடியோ. அதற்குப் பின்னால் படம் கழுவுகிற இருட்டறை, அடுப்படி, நாங்கள் படுக்கிற அறை. மேலே மரப்பலகை பாவிய மச்சு. புளிப்பானைகளும் உடைந்த நாற்காலிகளும் அப்பா ஒதுக்கிப் போட்ட பழைய திரைகளும் அங்கே கிடந்தன. ஒரு திரையில் அருவி வரைந்திருக்கும். அசல் அருவி மூன்று கிலோமீட்டரில் விழுந்துகொண்டிருக்க, குளித்துவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள் இந்த வரைந்த அருவிக்கு முன்னால் தலையைச் சீவிக்கொண்டு நிற்பார்கள். அசல் அருவியில் முகம் தெளிவாக விழாதாம்.

அந்த மச்சில்தான் என்னை உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு பாய். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கப் பக்கத்தில் ஓர் உலக்கையைப் போட்டு வைத்தார்கள். காலையில் அம்மா உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பாள். முதல் நாள் ருசித்தது. பத்தாம் நாள் அந்த எண்ணெய் வாடை படி ஏறி வரும்போதே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இடுப்புக்கு பலம் என்பாள் அம்மா. இடுப்பை வைத்துக்கொண்டு நான் அந்த மச்சில் என்ன செய்யப் போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அத்தோடு கீழே இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஆய்க்குடி அத்தை, அப்பாவின் அக்கா, ஊரைக் கூட்டிச் சடங்கு செய்யாமல் பிள்ளையை இறக்கக்கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டாள். நல்ல நாள் ஆனிக் கடைசியில்தான் இருந்தது. கீழே ஸ்டுடியோவுக்கு ஆண்கள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள், அதனால் அதுவரை மேலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மச்சில் மேற்கே பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. ஐந்து கம்பி. கம்பியில் நெற்றியை வைத்தால் கீழே ரோட்டில் ஒரு துண்டு, அதற்கப்பால் வயல், அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் மலை. மலையின் மடிப்பில் மெயின் அருவி விழுகிற இடம் கறுப்பாகத் தெரியும். சீசன் வந்துவிட்டால் அந்தக் கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்த வருடம் ஜூன் பாதி தாண்டியும் கோடு விழவில்லை. சாரல் வரும், முகத்தில் பட்டும் படாமலும் தெறிக்கும், போய்விடும். மலைமேல் மழை இல்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருடம் முழுக்க அவர் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று எடுத்துக்கொண்டிருந்தாலும் அவர் மனசு இருந்தது ஒரே ஒரு படத்தில். முதல் தண்ணீர். வெயிலில் காய்ந்து கிடக்கிற பாறையின் உச்சியில் சீசனின் முதல் தண்ணீர் எட்டிப் பார்க்கிற அந்த நேரம். சருகும் மண்ணும் சேர்ந்து பழுப்பாக ஒரு விரல் அளவுக்கு இறங்கும். கீழ்ப்பாறை அப்போதும் காய்ந்தே இருக்கும். கால் மணி நேரத்தில் வெள்ளையாகி அகன்றுவிட்டால் அது எல்லோரும் பார்த்த அருவி. வருடா வருடம் பேப்பரில் சீசன் தொடங்கியது என்று வருகிற படம் அப்பா எடுத்ததுதான். ஆனால் அதில் இருப்பது எப்போதும் அரைமணி நேரம் கழிந்த அருவி.

“பாறை நனையுததுக்கு முன்னால எடுக்கணும்ட்டி. நான் போயி நிக்கும்போது அது நனைஞ்சு கெடக்கு. பதினெட்டு வருசமா இதே கதைதான்” என்பார்.

தண்ணீர் ஊற்றிய மறுநாள் அவர் மச்சுப்படியின் கீழே நின்று கேட்டார்.

“ஏட்டி, மலை எப்படிக் கெடக்கு?”

“உச்சி தெரியலப்பா. மேகம் கீழ வரைக்கும் எறங்கிட்டு.”

“மழை விழுதா?”

“இல்ல. மழை விழுந்தா மேகத்துக்கு அடில பொகை மாதிரி சாய்ஞ்சு தெரியும். இப்ப நேராத்தான் தொங்குது.”

அவர் ஒரு படி மேலே ஏறினார். பிறகு, “இதெல்லாம் எப்படிட்டி பாத்த?” என்றார். பதினாறு நாளாக வேறு எதைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்?

அன்றைக்கே ஓர் ஏற்பாடு ஆகிவிட்டது. பக்கத்தில் கிடந்த உலக்கையால் பலகையைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் மேகம் உச்சியை மூடிவிட்டது. இரண்டு தட்டு என்றால் மேலே மழை விழுகிறது. மூன்று என்றால் தண்ணீரே தெரிகிறது. மலையில் விழுந்த மழை அருவிக்கு வந்து சேர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு தட்டுக் கேட்டதும் அப்பா சைக்கிளில் கிளம்பினால் பாறை நனைவதற்கு முன்னால் போய் நின்றுவிடலாம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. விடிந்ததும் ஜன்னலுக்குப் போய்விடுவேன். மேகத்தின் நிழல் வயல்மேல் ஏறி, வரப்பில் மடங்கி, தென்னைமேல் போவதைப் பார்ப்பேன். கொக்குக் கூட்டம் கறுத்த மலைக்கு முன்னால் வரும்போது மட்டும் பளிச்சென்று தெரிந்து, வானத்துக்கு நேராக ஏறியதும் காணாமல் போய்விடும். ஒரு நாள் சாய்ந்த வெயிலில் மலை முழுக்க ஒரு நிமிடம் செம்பு நிறமாயிற்று. திரும்பி அம்மாவைக் கூப்பிட்டு, அவள் படி ஏறி வருவதற்குள் போய்விட்டது. “என்னட்டி காமிக்க?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

இரண்டு தடவை நான் இரண்டு தட்டுத் தட்டி, அப்பா பறந்துபோய், மழை பாதியிலேயே நின்று, வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கோபப்படவில்லை. இரண்டாவது தடவை எனக்கு மங்குஸ்தான் வாங்கி வந்து படியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் கடைசியில் கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தார். நம் கணக்கு டீச்சரேதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, வெள்ளைச் சேலையும் கையில் பைபிளுமாக. மச்சுப் பலகை இடுக்கு வழியாகக் குரல் தெளிவாகக் கேட்டது.

“அண்ணாச்சி, பிள்ளைய எப்ப அனுப்புதீங்க? பாடம் எங்கயோ போயிட்டு.”

“சடங்கு முடியட்டும் டீச்சர்.”

“சடங்கு முடிஞ்சதும் அனுப்பிருவீங்கள்லா?”

“சீசன் முடியட்டுமே டீச்சர். அவ மேல இருந்து மலையப் பாத்துச் சொல்லுதா. மழை விழுதது, மேகம் எறங்குதது எல்லாம் அச்சு அசலாச் சொல்லுதா. அவ இல்லாம எனக்கு இந்த வருசம் ஓடாது. அதுவும் போக, சீசன்ல குடிச்சுட்டுத் திரியுத பயலுவ ரோடு பூரா நிக்கானுவ. பொட்டப்பிள்ள நடந்து போயிட்டு வரணும்லா?”

“சீசன் முடிய ஆவணி ஆயிருமே அண்ணாச்சி. அதுக்கப்புறம் எங்க சேக்க? பேர அடிச்சிருவாங்க.”

“பாப்போம் டீச்சர்.”

பாப்போம் என்றால் என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போவது ஜன்னலில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. குடிகாரப் பயல்கள் சாக்கு. நான் மலையை ஒழுங்காகப் பார்த்ததுதான் என்னை மச்சில் உட்கார்த்தி வைத்துவிட்டது. நன்றாகப் பார்க்கப் பார்க்க நான் அங்கேயே இருக்க வேண்டும். சரியில்லாமல் பார்த்தால் அப்பாவுடைய பதினெட்டு வருடத்து ஆசை போய்விடும். அன்று சாயங்காலம் நான் கம்பியைப் பிடித்து உலுக்கியது எனக்கு நினைவிருக்கிறது. துரு கையில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

சடங்குக்கு முந்தின நாளே ஆய்க்குடி அத்தை வந்துவிட்டாள். படி ஏறி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எட்டு முடிச்சிட்டால்லா? போதும். என்ன, கலெக்டராவா ஆகப்போறா?” என்று அம்மாவிடம் சொன்னாள். அத்தைக்கு ஒரு மகன் இருந்தான். அவனை வைத்துத்தான் பேசினாள் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா, “அண்ணி, காப்பி ஆறுது” என்றாள்.

சடங்கு நாள் விடிந்தபோது மேகம் உச்சியை மூடியிருந்தது. ஒரு தட்டு தட்ட வேண்டும். அப்பா கீழே பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார், நான் தட்டவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் நினைத்தேன், வேறு எதுவும் நினைக்கவில்லை.

எட்டு மணிக்கு எனக்குத் தண்ணீர் வார்த்து, அரக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டு, பூத்தைக்க உட்கார்த்தினார்கள். இரண்டு பெண்கள் என் பின்னால் உட்கார்ந்து பின்னல் நீளத்துக்கு வாழைமட்டையை வைத்து, அதன்மேல் பிச்சிப்பூவும் தாழம்பூ மடலும் வைத்து ஊசியால் தைத்தார்கள். தாழை முள் கழுத்தில் குத்தியது. நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மேகத்துக்கு அடியில் புகை சாய்ந்தது. மலைமேல் மழை. மேற்கிலிருந்து தெற்கே சாய்ந்து, விடாமல், கனமாக. இதற்கு முன் இரண்டு தடவை பார்த்த மழை இல்லை இது.

உலக்கை கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கையை நீட்டினால் போதும். “சும்மா இருட்டி, பூ உதிருது” என்று பின்னாலிருந்து ஒருத்தி அதட்டினாள். நான் சும்மா இருந்தேன். அவள் சொன்னதற்காக அல்ல. இப்போது தட்டினால் அப்பா ஓடுவார், படம் எடுப்பார், பதினெட்டு வருடத்தில் கிடைக்காதது கிடைத்துவிடும். அப்புறம் வருடா வருடம் நான் இந்த ஜன்னலில்தான். இதை நான் அப்போதே இந்த அளவுக்குத் தெளிவாக நினைத்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள், தெரியும்.

பத்து மணி வாக்கில் அப்பா பெரிய கேமராவை மச்சுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று கால் வைத்து, கறுப்புத் துணி போர்த்திய மரப்பெட்டிக் கேமரா. அப்போதே அது பழசு. மற்ற படங்களையெல்லாம் கையில் பிடிக்கிற கேமராவால் எடுப்பார், சடங்குப் படத்துக்கு மட்டும் இதுதான். நம் எல்லோர் வீட்டிலும் அந்தப் படம் இருக்கிறது. முகமும் தெரிய வேண்டும், பூ வைத்த சடையும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து எடுப்பார்களே, அது. கண்ணாடியில் கேமராவோ எடுக்கிறவர் தலையோ விழாமல் சரித்து வைப்பதில்தான் வித்தை இருக்கிறது. அதில் அப்பாவை மிஞ்சத் தென்காசி வரைக்கும் ஆள் இல்லை.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும் என்று என்னை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தார். என் பின்னால் கண்ணாடி. எனக்கு எதிரே கேமரா, அதற்குப் பின்னால் அப்பா, அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் மலை. துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்தார். கண்ணாடியை ஒரு விரல் நகர்த்தினார். மறுபடி துணிக்குள் போனார்.

அப்போதுதான் விழுந்தது.

கறுப்புப் பாறையில் ஒரு நூல். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தேன், இருந்தது. நூல் கீழே இறங்கிற்று. பாதியில் ஒரு பாறை விளிம்பில் நின்று, நிறைந்து, மறுபடி இறங்கிற்று. நாற்பது நாளாக நான் வெறித்துப் பார்த்த கறுப்பு அது. அவ்வளவு அழகாக நான் எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்த்ததில்லை. அப்பா திரும்பினால் போதும். ‘அப்பா’ என்று ஒரு சொல் போதும்.

அவர் துணியிலிருந்து வெளியே வந்தார். வேர்த்திருந்தது. படம் பதிகிற பிளேட்டைச் செருகினார். லென்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு, “மூச்ச அடக்கிக்கோ. அசையாத, என்ன?” என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூடினார். நான் அசையவில்லை.

அதற்கப்புறம் கண்ணாடியை எடுத்து, கேமராவை மடக்கி, என்னைக் கீழே இறக்கி, மணையில் உட்கார வைத்து நலங்கு ஆரம்பித்து அரைமணி நேரம் கழிந்துதான் ரோட்டில் சத்தம் கேட்டது. குற்றாலத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸில் யாரோ தலையை நீட்டி, “அண்ணாச்சி, தண்ணி விழுந்துட்டு!” என்று கத்தினார்கள். அப்பா கையில் இருந்த சந்தனக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பட்டு வேட்டியோடு போனார். போகும்போது அவர் மச்சு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கும்.

மறுநாள் பேப்பரில் தென்காசியிலிருந்து வேறொருவர் எடுத்த படம் வந்தது. பாறை காய்ந்திருந்தது, ஒரு விரல் தண்ணீர். தற்செயலாக அருவிக்கரைக்கு வந்தவராம். அப்பா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நல்லா எடுத்திருக்கான்” என்று மடித்து வைத்தார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், இருட்டறையிலிருந்து கூப்பிட்டார். “ஏட்டி, இங்கன வா.”

உள்ளே சிவப்பு விளக்கு, ஹைப்போ மருந்து வாடை. என் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் போட்ட படத்தில் கண்ணாடியின் ஒரு மூலை வெள்ளையாகப் பூத்திருந்தது, ஜன்னல் வெளிச்சம். அதனால் இரண்டாவது காகிதத்தில் என் முகத்தைத் தன் கையால் மறைத்துக்கொண்டு, அந்த மூலைக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்திருந்தார், காகிதத்தில் வெளிச்சம் கூடப் பட்டால் வெளிறிய இடம் கறுத்து உருவம் தெரியும். அந்தக் காகிதம் இப்போது தட்டில் மிதந்தது. முதலில் என் தலைமுடி வந்தது. அப்புறம் கண். அப்புறம் கண்ணாடியில் பூச்சடை. கடைசியாக, கண்ணாடியின் மூலையில் ஜன்னல் கம்பி, கம்பிக்கு நடுவே மலை. கண்ணாடிக்குள் இடம் வலமாக மாறியிருந்ததால் வேறு ஏதோ மலை போலத் தெரிந்தது. அதன் மடிப்பில் நகக்கீறல் போல ஒரு வெள்ளை.

அப்பா ஈர விரலை அதன் பக்கத்தில் வைத்தார்.

“இது என்னட்டி?”

“தண்ணி.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். நீங்க துணிக்குள்ள இருக்கும்போ.”

“பின்ன ஏன் சொல்லல?”

அடி விழும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். வாயில் வந்தது இதுதான்: “நீங்கதான அசையாதன்னீங்க.”

சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தோள் குலுங்கிற்று. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

“அடப் பாவி மகளே! அசையாதன்னு சொன்னா அருவி விழுந்தாக்கூட வாயத் தொறக்க மாட்டியா?” என்று ஈரக் கையை என் தலையில் வைத்தார்.

அதிகாலை மேகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. எட்டு மணி மழையைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவர், மழை விழாமல் தண்ணீர் வராது என்பதை என் விஷயத்தில் மட்டும் மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அடுப்படியில் அத்தையிடமும் அம்மாவிடமும் ஈரப் படத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். “கண்ணு முன்னால தண்ணி விழுது. இவளுக்குத் தெரியாததா எனக்கு அது எம்புட்டுப் பெருசுன்னு? ஆனா நான் அசையாதன்னுட்டேன். அசையல பாத்தியளா! இந்தப் பிள்ளைய எங்க அனுப்புனா என்ன? சொன்ன சொல்லு தாண்ட மாட்டா. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போகட்டும்.”

அத்தை படத்தை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “ஆமா, போகட்டும். இப்படிச் சொன்னாக் கேக்குத பிள்ளதான் எனக்கு மருமகளா வரணும்” என்றாள்.

ஒரே மூச்சில் கதவைத் திறந்து ஒரே மூச்சில் சாத்தினார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வந்தேன், உங்களுக்குத் தெரியும். அப்பா டீச்சரிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருந்தார். நீங்கள் வகுப்பில் சத்தம் போட்டபோதெல்லாம் டீச்சர் என்னைக் காட்டி, “அருவியே விழுந்தாலும் அசையாத பிள்ளை, பாத்துப் படிங்க” என்பார்களே, அது இதுதான். அதற்காக நீங்கள் என்னை எவ்வளவு வெறுத்தீர்கள் என்பதும் தெரியும். நாற்பத்தைந்து வருடம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். மேலே படிக்க ஆசை இருந்தது. கேட்க முடியவில்லை. கேட்டால் அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளை நான் இல்லை என்று ஆகிவிடும், அந்தப் பிள்ளை இல்லையென்றால் அந்தப் படிப்பு முழுதும் ஏமாற்றி வாங்கியது என்று ஆகிவிடும். அத்தை மகனையே கட்டினேன். கெட்டவர் இல்லை, ஒருநாளும் கை நீட்டியதில்லை. எங்கே கூட்டிப் போனாலும் போனேன், எதை வேண்டாம் என்றாலும் விட்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருக்கும். வருகிறவர்களிடம் யாராவது ஒருவர் கண்ணாடி மூலையில் விரலை வைத்துக் கதையைச் சொல்வார்கள். ‘கண்ணுல எவ்வளவு பணிவு பாருங்க’ என்பார்கள். அந்தக் கண் கேமராவைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் தோளுக்கு மேலே பார்க்கிறது என்று ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. மலையில் முதல் தண்ணீர் விழுவதை அதற்குப் பிறகும் பல வருடம் எங்கள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்வதில்லை, படமும் எடுப்பதில்லை. யாருக்கும் தட்டிச் சொல்லாமல் நான் எனக்காகவே பார்க்கிற ஒன்று அதுதான், அது எனக்கே இருக்கட்டும்.

அப்பா கடைசி இரண்டு வருடம் என்னோடுதான் இருந்தார். கண்ணில் பார்வை போய்விட்டது. கால் புண்ணுக்கு மருந்து கட்டக் காலையில் ஒரு நர்ஸ் வருவாள், செங்கோட்டைப் பக்கத்துச் சின்னப் பெண். அவள் சுவரில் படத்தைப் பார்த்து, “இது ஆரு, அக்காவா?” என்று கேட்டுவிட்டாள். அப்பா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். பதினெட்டு வருசம், காய்ந்த பாறை, துணிக்குள் தலை, அசையாத. ஒரு சொல் மாறாமல். நான் கஞ்சி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். இனி யாருக்காக என்று தோன்றிற்று.

“அப்பா, அது அப்படி இல்ல” என்றேன்.

“என்னட்டி?”

“அன்னைக்கு விடியக்காலமே மேகம் மூடிட்டுப்பா. எட்டு மணிக்கே மழை விழுந்தத நான் பாத்தேன். உலக்கை பக்கத்துலதான் கெடந்துச்சு. நான் வேணும்னுதான் தட்டல. நீங்க படம் எடுத்துட்டா என்னை ஜன்னல விட்டு எறக்க மாட்டீங்கன்னு தட்டல. அசையாதன்னதுக்காக இல்ல.”

நர்ஸ் பஞ்சைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அப்பா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

“கேட்டியாம்மா?” என்றார் நர்ஸிடம். “நான் அந்தப் படத்த விட்டுட்டேன்னு இவ மனசு இன்னும் ஆறல. பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதா, அப்பன் மனசு நோகக்கூடாதுன்னு. இவ்வளவு வருசம் கழிச்சும் பாரேன். இதாம்மா என் மக.”

“கொடுத்து வச்சவரு தாத்தா நீங்க” என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது.

அப்பா கையை நீட்டினார். நான் டம்ளரைக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “என்னட்டி, நான் சொல்லுதது சரிதான?” என்றார்.

“சரிதாம்ப்பா” என்றேன்.